டிஸ்ப்ளே போச்சு என்று முடிவுகட்டும் முன்

எங்கள் வீட்டு டேபுக்கு ஒன்பது வயது. பத்து அங்குலத் திரை, ஆண்ட்ராய்டு. அம்மா அதில்தான் பேப்பர் படிப்பாள், சுடோகு போடுவாள். ஒருநாள் "டிஸ்ப்ளே போச்சுடி" என்று கொண்டுவந்து நீட்டினாள். என் கைக்கு வந்ததும் திரை பளிச்சென்று எரிந்தது. திருப்பிக் கொடுத்தேன். அவள் மேசைக்குப் போனதும் மறுபடி இருட்டு. இப்படியே இரண்டு நாள். கடைசியில் பார்த்தால், அவள் டேபைச் சாய்த்து வைத்திருந்தது புது மூக்குக்கண்ணாடிக் கூட்டின் மேல். அதன் மூடியில் காந்தம். உறையை மூடினால் திரை தானாக அணையட்டும் என்று பல டேப்களின் ஓரத்தில் காந்தத்தை உணரும் சின்ன சென்சார் ஒன்று வைத்திருப்பார்கள். அது கண்ணாடிக் கூட்டை உறை என்று நம்பிவிட்டது.

அன்றிலிருந்து எந்தக் கோளாறானாலும் முதலில் எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன். உறை, சார்ஜர், செருகியிருக்கும் எதுவானாலும். திரைமேல் ஒட்டிய கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் அதையும் உரித்துவிட வேண்டும். விரிசல் உள்ளே இருக்கிறதா, மேலே ஒட்டியதில் இருக்கிறதா என்று உரித்த பிறகுதான் தெரியும். அப்புறம் காய்ந்த மெல்லிய துணியால் ஒரு துடைப்பு. பாதிக் கோளாறு இதிலேயே போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகிற கோளாறு இலவசமாகப் போகும்.

மிச்சத்தைப் பார்க்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். திரை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது பல அடுக்கு. மேலே கண்ணாடி. அதோடு சேர்ந்தாற்போல் விரலை உணரும் டச் படலம். அதன் கீழே படம் காட்டும் எல்சிடி. அதற்கும் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட். இவை அனைத்துக்கும் முதுகில் பேட்டரி. எந்த அடுக்கு கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. சரிசெய்வது வேறு ஆள் வேலையாக இருக்கட்டும்.

திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால், டேப் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சார்ஜர் செருகும்போது சத்தம் வருகிறதா, அலாரம் அடிக்கிறதா? அரை மணி நேரம் சார்ஜில் போட்டுவிட்டுக் கட்டாய ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்களில் பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பத்து இருபது விநாடி அழுத்த வேண்டும். ஹோம் பட்டன் உள்ள ஐபேடில் ஹோம், பவர் இரண்டையும் லோகோ வரும்வரை பிடிக்க வேண்டும்.

அப்போதும் கறுப்பு என்றால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடியுங்கள். ஐகான்களோ கடிகார எண்களோ மங்கலாகத் தெரிந்தால் எல்சிடி நன்றாகவே இருக்கிறது, பேக்லைட்டுக்கோ அதற்குப் போகும் மின்சாரத்துக்கோதான் கோளாறு. ஓஎல்இடி திரை உள்ள டேபில் இந்தச் சோதனை செல்லாது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுகிறது, பேக்லைட்டே கிடையாது.

கோடு விழுந்தாலோ நிறம் கலங்கினாலோ ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது டேபின் மூளை வரைந்த படம், கண்ணாடி காட்டும் படம் அல்ல. அதை வேறொரு கருவிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே கோடு இல்லை என்றால் குற்றம் டிஸ்ப்ளேயிலோ அதன் ரிப்பன் கேபிளிலோ இருக்கிறது. அங்கேயும் கோடு இருந்தால் சாஃப்ட்வேரையோ போர்டையோ சந்தேகிக்க வேண்டும். நான் முதல் தடவை அதே டேபிலேயே படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ, இதிலும் கோடு இருக்கே" என்று பயந்தேன். கெட்ட திரையில் பார்த்தால் எல்லாவற்றின் மேலும்தான் கோடு தெரியும்! வேறு கருவி கைவசம் இல்லையென்றால் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி நகர்த்துங்கள். கோடு படத்தோடு நகர்ந்தால் அது படத்தில் உள்ளது. நகராமல் நின்றால் திரையில் உள்ளது.

திரை மஞ்சளாகத் தெரிந்தால் செட்டிங்ஸில் இரவு வெளிச்சம் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் போலத் தெரிந்தால் நிறத்தைத் தலைகீழாக்கும் வசதி எங்கோ கைபட்டு இயங்கியிருக்கும். வருடங்கள் ஓடினால் பேக்லைட் மங்குவது இயல்புதான், அதற்கு மருந்தில்லை.

மினுக்கல் கொஞ்சம் குழப்பும். தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வெளிச்சத்தை மிகக் குறைத்தால் மட்டும் மினுக்கினால், பேக்லைட்டை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டுத்தான் பல டேப்கள் வெளிச்சத்தைக் குறைக்கின்றன என்பது காரணமாக இருக்கலாம். போன் கேமராவில் பட்டை பட்டையாகத் தெரிவதும் அதனால்தான், அதை நோய் என்று நினைக்க வேண்டாம். ஓரத்தை லேசாகத் தொட்டாலோ டேபைத் தூக்கிப் பிடித்தாலோ மினுக்கல் மாறுகிறது என்றால் உள்ளே கனெக்டர் தளர்ந்திருக்கும். லேசாக என்றுதான் சொன்னேன், முறுக்கிப் பார்க்காதீர்கள்.

டச்சுக்கு எனக்குப் பிடித்த சோதனை இது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் டேபைப் பற்றிய பக்கத்துக்குப் போய் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் பாயின்டர் லொகேஷன் என்று ஒன்று உண்டு, விரல் போகும் தடத்தைத் திரையில் கோடாகக் காட்டும். அதை ஆன் செய்துவிட்டு, வயலில் ஏர் ஓட்டுவதுபோல் விரலால் மேலிருந்து கீழே வரிசையாகக் கோடு இழுங்கள். ஒரே இடத்தில் கோடு அறுந்து அறுந்து போனால் அங்கே டச் படலம் செத்துவிட்டது. டேபைக் குறுக்காகத் திருப்பி இன்னொரு முறை இழுங்கள். கண்ணாடியின் அதே இடத்தில் அறுந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த வசதி இல்லாத டேபில் ஏதாவது ஓவிய ஆப் போதும்.

யாரும் தொடாமலே ஆப் திறக்கிறது, எழுத்து தானே விழுகிறது என்றால் முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். தரமில்லாத சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சலை டச் படலம் விரல் என்று எண்ணிவிடும். அம்மாவின் சுடோகுவில் தானாக ஒன்பதுகள் விழுந்தது இதனால்தான். சார்ஜர் இல்லாமலும் அதே கூத்து என்றால், நாம் இறக்கிய ஆப்கள் இயங்காமல் டேப் தொடங்கும் சேஃப் மோடில் பாருங்கள். அங்கே அடங்கினால் ஏதோ ஆப் செய்கிற வேலை.

டச் பாதி போய்விட்டது, படம் மட்டும் வருகிறது என்றால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திப்போடுங்கள். டேபின் சார்ஜர் துளையில் யுஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் ஓடிஜி கேபிளில் ஒரு சாதாரண மவுஸைச் செருகினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்களில் அம்புக்குறி வந்துவிடும். அதை வைத்து பேட்டர்ன் போட்டுத் திறந்து, படங்களையும் கோப்புகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். நாளைக்குப் படமும் வராமல் போகலாம்.

இனி, நான் கோட்டைவிட்டதைச் சொல்கிறேன். எங்கள் டேபின் நடுவில் வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது. வயசானால் திரையில் திட்டு வரும் என்று ஆறு மாதம் சும்மா இருந்தேன். ஒருநாள் மேசையில் மல்லாக்க வைத்தபோது அது தொட்டிலாட்டம் ஆடியது. ஓரத்தில் கண்ணாடி எழும்பி நகம் நுழையும் இடைவெளி. பேட்டரி உப்பி எல்சிடியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. இப்படிப் பார்த்தால் சோதனைகளை எல்லாம் நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், அணைத்துவிடுங்கள். எழும்பிய இடத்தை அழுத்தி உட்காரவைக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். திரையை மட்டும் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உப்பின பேட்டரி புதுத் திரையையும் தள்ளும்.

எங்களுடையதில் பேட்டரி மாறியதும் திட்டு மறைந்தது. அத்தனை நாள் அழுத்தியதில் வலது ஓரத்தில் மூன்று செங்குத்துக் கோடுகள் மட்டும் நிலைத்துவிட்டன. ஸ்கிரீன்ஷாட்டில் அவை இல்லை, அதனால் என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். திரை மாற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். சுடோகு கட்டம் கோட்டுக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடுகிறதாம், வேண்டாம் என்றாள்.