பழைய லைட்டிங் கன்சோலோடு கணினியைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபது முப்பது வருடம் உழைத்த லைட்டிங் கன்சோலை, அதாவது மேடை விளக்குகளை இயக்கும் மேசையை, தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் கைக்குப் பழகியிருக்கும், விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிம்மர்களும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஃபிளாப்பி டிரைவ் படிக்க மறுக்கிறது, புதிதாக வந்த எல்இடி விளக்குகளுக்குச் சேனல் (கட்டுப்பாட்டு வழி) போதவில்லை, நூறு க்யூ (விளக்கு மாற்றம்) உள்ள நாடகத்தைக் கையால் ஓட்டி மாளவில்லை. அப்போதுதான் ஒரு லேப்டாப்பைச் சேர்த்துவிடலாமே என்று தோன்றுகிறது. நல்ல யோசனைதான். செலவும் குறைவு, பழைய கருவியும் வீணாகாது.

நான் பார்த்த வரையில் இந்த வேலையில் முளைக்கும் சிக்கல்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. எந்த விளக்கு யார் பேச்சைக் கேட்க வேண்டும், கன்சோலா கணினியா, என்று முடிவு செய்வதற்கு முன்பே கேபிளைச் செருகிவிடுகிறோம்.

டிம்மர் என்ன மொழி பேசுகிறது என்று பார்க்காமல் அடாப்டர் வாங்குவது

கடையில் கிடைக்கும் யூஎஸ்பி அடாப்டர்கள் எல்லாமே டிஎம்எக்ஸ் 512 பேசுபவை. ஒரே கேபிளில் 512 சேனல்களின் அளவை எண்களாக அனுப்பும் அந்த முறையை அமெரிக்காவின் மேடைத் தொழில்நுட்ப அமைப்பான யூஎஸ்ஐடிடி 1986இல் வகுத்தது, 1990இல் திருத்தியது. அதற்கு முந்தைய டிம்மர்கள் வேறு வேறு மொழி பேசின. பல டிம்மர்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஒயரில் 0 முதல் 10 வோல்ட் வரை அனுப்ப வேண்டும். பிரிட்டனில் ஸ்ட்ராண்ட் செய்த பழைய டிம்மர்களில் அதுவே மைனஸ் 10 வோல்ட். ஒரே கேபிளில் பல அளவுகளை வரிசையாக அனுப்பும் அனலாக் முறைகளும் இருந்தன: அமெரிக்காவில் 192 சேனல் கொண்ட ஏஎம்எக்ஸ் 192, பிரிட்டனில் 384 சேனல் கொண்ட டி54.

இவற்றில் எதையும் டிஎம்எக்ஸ் அடாப்டரோடு நேராக இணைக்க முடியாது. நடுவில் டிஎம்எக்ஸை அனலாகாக மாற்றும் டீமக்ஸ் பெட்டி வேண்டும். அதுவும் சரியான போலாரிட்டியில் வேண்டும். மைனஸ் வோல்ட் எதிர்பார்க்கும் டிம்மருக்குப் பிளஸ் வோல்ட் கொடுத்தால் விளக்கு எரியாது.

பின்னால் இருக்கும் சாக்கெட்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். டிஎம்எக்ஸுக்கு முறைப்படி 5 பின் எக்ஸ்எல்ஆர், ஏஎம்எக்ஸுக்கு 4 பின். ஆனால் 3 பின் வைத்து டிஎம்எக்ஸ் அனுப்பும் கருவிகள் ஏராளம். அவற்றில் பழைய சிலவற்றில் 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் இடம் மாறியிருக்கும். டிம்மரின் கையேட்டைத் தேடி எடுத்துப் படித்துவிடுவதுதான் நிச்சயமான வழி. டிம்மர் ரேக்கைத் திறக்க வேண்டிய நிலை வந்தால், மின் பணியாளர் இல்லாமல் திறக்க வேண்டாம். உள்ளே ஓடுவது மெயின்ஸ் மின்சாரம்.

இரண்டு சிக்னலை ஒரு ஒய் கேபிளில் சேர்ப்பது

இதுதான் எல்லாரும் செய்வது. கன்சோலிலிருந்து ஒரு கேபிள், அடாப்டரிலிருந்து ஒரு கேபிள், இரண்டையும் ஒய் வடிவில் சேர்த்து டிம்மருக்கு. ஆடியோவில் ஓரளவு ஓடிப் போகும். இங்கே ஓடாது. டிஎம்எக்ஸ் கேபிளில் ஒரே ஒருவர்தான் பேசலாம், மற்ற எல்லாரும் கேட்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் டிம்மருக்கு இருவர் பேச்சும் புரியாது. விளக்குகள் துடிக்கும், தானாக எரியும், தானாக அணையும். தொடர்ந்து அப்படியே விட்டால் சிக்னலை அனுப்பும் சிப்புகளும் கெட்டுப்போகலாம்.

இரண்டையும் சேர்க்க மெர்ஜர் என்றொரு பெட்டி இருக்கிறது. இரண்டு உள்ளீடு, ஒரு வெளியீடு. இல்லாவிட்டால், டிஎம்எக்ஸை உள்ளே வாங்கும் வசதியுள்ள அடாப்டர் வாங்கி, கன்சோலின் சிக்னலைக் கணினிக்குள் கொண்டுவந்து மென்பொருளிலேயே கலக்கலாம். இரண்டாவது வழியில் ஒரு குறை உண்டு: கணினி நின்றால் கன்சோலும் ஊமையாகிவிடும். அதனால் நான் எப்போதும் மெர்ஜர் பக்கம்தான்.

மெர்ஜர் வாங்கியதோடு வேலை முடியவில்லை. அது எந்த விதியில் கலக்கிறது என்று பார்க்க வேண்டும். எச்டிபி என்றால் இரண்டில் எது அதிகமோ அது வெல்லும். எல்டிபி என்றால் கடைசியாக மாறியது வெல்லும். சாதாரண டிம்மர் விளக்குகளுக்கு எச்டிபி இயல்பாகப் பொருந்தும். ஆனால் அதற்குள்ளும் ஒரு குழி இருக்கிறது. ஒரு ஒத்திகையில் கணினியிலிருந்து எல்லா விளக்கையும் அணைக்கும் பிளாக்அவுட் கொடுத்தோம். மேடையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் மட்டும் அணையவே இல்லை. மென்பொருளில் அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் கன்சோலில் ஒரு ஃபேடர் பத்து சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது. கணினி பூஜ்யம் அனுப்பினாலும் கன்சோல் பத்து அனுப்பியது, பத்துதான் வென்றது. எச்டிபி முறையில் ஒருவர் தூக்கி வைத்ததை இன்னொருவரால் இறக்க முடியாது. இதே காரணத்தால், எல்லா விளக்கையும் ஒன்றாக இறக்கும் கன்சோலின் கிராண்ட் மாஸ்டரும் கணினி எரிய வைத்த விளக்குகளைத் தொடாது.

தானே திரும்பும் மூவிங் லைட்டுகளில் இது இன்னும் மோசம். அவற்றில் ஒரு சேனல் வெளிச்சம், இன்னொன்று இடவலமாகத் திரும்பும் கோணம், இன்னொன்று மேல்கீழாகச் சாயும் கோணம், இன்னொன்று நிறம். கோணத்தில் எது அதிகமோ அது என்று கலந்தால் விளக்கு இருவரும் கேட்காத இடத்தைப் பார்க்கும். எல்இடியில் ஒருவர் சிவப்பும் மற்றவர் நீலமும் கொடுத்தால் மேடையில் ஊதா தெரியும்.

இதற்கு நான் கண்ட எளிய தீர்வு, முகவரிகளை, அதாவது ஒவ்வொரு விளக்கும் கேட்கும் டிஎம்எக்ஸ் எண்களை, பாகம் பிரித்துவிடுவது. உதாரணமாக 1 முதல் 96 வரை பழைய டிம்மர்கள், அவை கன்சோலுக்கு. 101 முதல் எல்இடியும் மூவிங் லைட்டும், அவை கணினிக்கு. கன்சோலின் பேட்சில் (எந்தச் சேனல் எந்த முகவரிக்குப் போகிறது என்ற பட்டியலில்) 101 முதல் எதுவும் இருக்கக் கூடாது. கணினியில் 96 வரை எதையும் பேட்ச் செய்யக் கூடாது. இப்படிச் செய்தால் மெர்ஜர் எந்த விதியில் கலந்தாலும் சண்டை வராது. பழைய டிம்மர்களையும் கணினி க்யூவில் ஓட்ட வேண்டும் என்றால், கன்சோலை முழுக்கப் பூஜ்யத்தில் வைத்து, அவசரத்துக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். எதுவானாலும் ஒரு தாளில் எழுதிக் கன்சோலின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

மலிவான அடாப்டரை நம்பி நாடகம் ஓட்டுவது

டிஎம்எக்ஸில் நொடிக்கு 2,50,000 பிட்டுகள் போகின்றன. ஒரு சேனலுக்கு 44 மைக்ரோ நொடி. 512 சேனலும் ஒரு சுற்று வர ஏறத்தாழ 23 மில்லி நொடி, அதாவது நொடிக்கு 44 சுற்று வரைதான். இந்த நேரக் கணக்கை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் அடாப்டர்கள் வேறுபடுகின்றன. என்டெக்கின் ஓப்பன் டிஎம்எக்ஸ் யூஎஸ்பி போன்ற எளிய வகைகளில் அந்தக் கணக்கு முழுவதும் கணினியின் தலையில். அதே நிறுவனத்தின் டிஎம்எக்ஸ் யூஎஸ்பி ப்ரோ போன்றவற்றில் அடாப்டருக்குள்ளேயே தனி ப்ராசஸர் இருக்கிறது. கணினி ஒரு கணம் தடுமாறினாலும் அது சீராக அனுப்பிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் பழகவும் மென்பொருளைக் கற்றுக்கொள்ளவும் எளிய வகை போதும். மேடைக்கு இரண்டாவது வகைதான். அதோடு, மின்சாரத் தடுப்பு உள்ளதா என்றும் பாருங்கள். ஐசொலேஷன் உள்ள அடாப்டர் என்றால், டிம்மர் பக்கம் ஏதாவது கோளாறு வந்தாலும் லேப்டாப் வரைக்கும் வராது.

மென்பொருளுக்கு முதலிலேயே பெரிய பணம் போட வேண்டாம். க்யூஎல்சி ப்ளஸ் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அதில் இரண்டு மூன்று நாடகம் ஓட்டிப் பார்த்த பிறகு உங்களுக்கு எது குறைகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேபிளில் மிச்சம் பிடிப்பது

மைக் கேபிளும் டிஎம்எக்ஸ் கேபிளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். டிஎம்எக்ஸுக்கு ஏறத்தாழ 120 ஓம் தன்மையுள்ள டேட்டா கேபிள் வேண்டும். மைக் கேபிளில் குறைந்த தூரத்துக்கு வேலை நடக்கும், அதுதான் ஆபத்து. ஒத்திகையில் நன்றாக இருந்தது, விளக்குகளைக் கூட்டிய அன்று துடிக்க ஆரம்பிக்கும். ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகக் கொண்டுபோங்கள், கடைசிக் கருவியில், சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டரைச் செருகுங்கள். ஒரு வரிசையில் 32 கருவிகளுக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கம் பிரிக்க வேண்டுமென்றால் ஸ்ப்ளிட்டர் பெட்டி. யூஎஸ்பி கேபிளும் 5 மீட்டருக்குள் இருக்கட்டும்.

எல்இடிக்கு டிம்மரிலிருந்து மின்சாரம் கொடுப்பது

பார் கம்பியில் ஏற்கெனவே டிம்மர் சாக்கெட் இருக்கிறதே, அதில் எல்இடியைச் செருகி ஃபேடரை முழுக்கத் தூக்கி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. டிம்மர் முழு அளவில் இருந்தாலும் அதிலிருந்து வருவது சுத்தமான மின் அலை இல்லை. யாராவது கை தவறி ஃபேடரை இறக்கினால், விளக்கின் உள்ளே இருக்கும் பவர் சப்ளை பாதி மின்சாரத்தில் திணறிக் கருகலாம். எல்இடிக்கும் மூவிங் லைட்டுக்கும் நேரடி மெயின்ஸ் லைன் தனியாக இழுக்க வேண்டும். இந்த வேலையின் செலவுக் கணக்கில் பலர் மறப்பது இதைத்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. டிஎம்எக்ஸின் ஒரு சேனலில் 0 முதல் 255 வரை 256 படிகள். ஐந்து நிமிடத்தில் மெல்ல விடியும் காட்சி என்றால் ஒரு படிக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. இழை விளக்கு சூடாகவும் ஆறவும் நேரம் எடுப்பதால் அந்தப் படி கண்ணுக்குத் தெரியாது. எல்இடியில் தெரியும், முக்கியமாக இருட்டிலிருந்து கிளம்பும் முதல் சில படிகளில். அப்படிப்பட்ட விடியல்களைப் பழைய டிம்மர் விளக்குகளுக்கே கொடுங்கள்; அதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை.

லேப்டாப்பை லேப்டாப்பாகவே விட்டுவைப்பது

நாடகம் ஓட்டும் கணினி அந்த இரண்டு மணி நேரம் வேறு எதுவும் செய்யக் கூடாது. ஸ்லீப், ஸ்க்ரீன்சேவர், தானாக வரும் அப்டேட், யூஎஸ்பி போர்ட்டை மின் சேமிப்புக்காக அணைக்கும் அமைப்பு, எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வைஃபையைத் துண்டியுங்கள். சார்ஜர் எப்போதும் செருகியிருக்கட்டும். திரையின் வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள், இருட்டுக் காட்சியில் அரங்கின் பின்வரிசை முழுக்க அது தெரியும்.

டிஎம்எக்ஸை ஆர்ட்நெட் அல்லது எஸ்ஏசிஎன் என்ற முறைகள் வழியாக நெட்வொர்க்கில் அனுப்பினால், அதற்கென்று தனி ஸ்விட்ச், தனி கேபிள். பார்வையாளர்களின் வைஃபையோடு கலக்க வேண்டாம். எண்ணிலும் ஒரு சிக்கல் வரும். 512 சேனல் கொண்ட ஒரு தொகுதிக்கு யூனிவர்ஸ் என்று பெயர். ஆர்ட்நெட்டில் அதன் எண் 0இலிருந்து தொடங்கும், எஸ்ஏசிஎன்னில் 1இலிருந்து. எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் முதலில் இந்த ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

கன்சோலில் ஏற்கெனவே இருப்பதைக் கவனிக்காமல் விடுவது

1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் வந்த பல கன்சோல்களில், இசைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழியான மிடிக்கு உள்ளீடு இருக்கிறது. அந்த மொழியில் மேடைக் கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் மிடி ஷோ கன்ட்ரோல் 1991இல் வந்தது. அது உங்கள் கன்சோலுக்குப் புரியும் என்றால், உங்களுக்கு டிஎம்எக்ஸ் அடாப்டரே தேவைப்படாமல் போகலாம். க்யூக்கள் கன்சோலிலேயே இருக்கட்டும். ஒலி ஓட்டும் கணினி சரியான நொடியில் அடுத்த க்யூவை ஓட்டச் சொல்லும் 'கோ' மட்டும் அனுப்பட்டும். இதில் கவனிக்க வேண்டியது டிவைஸ் எண். 127 என்று கொடுத்தால் கேட்கும் எல்லாக் கருவியும் ஓடிவிடும். கன்சோலுக்கென்று ஓர் எண் வைத்து அதற்கு மட்டும் அனுப்புங்கள்.

பழைய க்யூக்களைக் கணினிக்கு மாற்றுவதானால், சில கன்சோல்கள் யூஎஸ்ஐடிடி ஆஸ்கி என்ற எழுத்துக் கோப்பு வடிவில் சேமிக்கும். அப்படி இல்லையென்றால் க்யூ ஷீட்டைப் பார்த்துக் கையால் ஏற்றுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கன்சோலிலிருந்து வெளியே வருவது டிம்மர் எண், ஷீட்டில் எழுதியிருப்பது சேனல் எண். நடுவில் பேட்ச் இருக்கிறது. பேட்ச் பட்டியலை முதலில் எழுதி எடுத்துக்கொள்ளாமல் ஏற்றினால் ஒவ்வொரு க்யூவும் தப்பாகத்தான் வரும்.

கேபிளைப் பிடுங்கிப் பார்க்காமல் அரங்கேற்றுவது

அரங்கின் வழிகாட்டி விளக்கும் அவசர விளக்கும் இந்த இணைப்புக்குள் வரவே கூடாது. மற்ற எல்லாவற்றையும் ஒத்திகையில் பிடுங்கிப் பாருங்கள். காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே யூஎஸ்பியை உருவுங்கள். சிக்னல் நின்றால் சில டிம்மர்கள் கடைசி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், சில உடனே அணைந்துவிடும், சில சற்று நேரம் பிடித்து வைத்துப் பிறகு அணையும். உங்களுடையது எது என்று தெரிந்தால்தான் மாற்று ஏற்பாடு செய்ய முடியும். பொதுவெளிச்சத்துக்கு ஐந்தாறு ஃபேடர்களைக் கன்சோலில் தயாராக வைத்து, அவற்றின் மேல் டேப் ஒட்டி எழுதுங்கள். அப்புறம் ஆபரேட்டரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் இன்னொரு முறை யூஎஸ்பியை உருவி, வெளிச்சம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். பத்து நொடிக்கு மேல் போனால் ஃபேடர்களை இடம் மாற்றி வைத்து மறுபடி செய்து பாருங்கள். இதை அரங்கேற்றத்துக்கு முந்தைய இரவுக்குத் தள்ளாமல், ஒரு வாரம் முன்பே செய்யுங்கள். போதாமல் போன ஸ்ப்ளிட்டரையோ டெர்மினேட்டரையோ வாங்க அப்போதுதான் நாள் இருக்கும்.