ரீல் வாங்கும் முன் நரம்பை இழுத்துப் பாருங்கள்

மீன்பிடிக்கக் குறைந்த விலையில் ஸ்பின்னிங் ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றும் உருளையில், கொஞ்சம் நரம்பைச் சுற்றித் தரச் சொல்லி, டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் பகுதி) திருகைப் பாதியளவு இறுக்கிவிட்டுக் கையால் மெதுவாக இழுங்கள். வெட்டி வெட்டி வராமல் ஒரே சீராக வந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ரோகுவோ கட்லாவோ திடீரென ஓடும்போது டிராக் ஒரு கணம் சிக்கி நின்றாலே போதும், மீனின் முழு இழுவையும் நரம்பில் ஏறி அறுந்துவிடும். பேரிங் கூடினால் கைப்பிடி வழுவழுப்பாகச் சுற்றும், அவ்வளவுதான். மலிவான ரீலில் அதுவும் நிச்சயமில்லை. ஏரி, குளத்துக்கு 2500 அளவு ரீலும் 7 அடி மீடியம் ராடும் (தூண்டில் கோலும்) போதும். ராடில் காசை மிச்சம் பிடிக்கலாம்: ஃபைபர் கிளாஸ் கொஞ்சம் கனம்தான், ஆனால் கல்லில் இடித்தாலும் லேசில் உடையாது.

பாசிக்குள் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிப்பவர்களுக்கு இது பொருந்தாது. மீன் செடிக்குள் புகாமலிருக்க அங்கே டிராக்கை முழுதாக இறுக்கித்தான் வைப்போம்; விறைப்பான ராடும் தடித்த பிரெய்டு (பின்னிய இழை) நரம்பும்தான் அதற்கு முக்கியம்.