தூக்க மாத்திரையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள் நான். விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) எழுந்து பழகிய உடம்பு, வேலையை விட்டபின் இரவெல்லாம் விழித்துக் கிடந்தது. லோராசெபம் என்ற தூக்க மாத்திரை போடாமல் கண் மூடாது என்றாகிவிட்டது.

மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நெடுநாள் சாப்பிட்ட உடம்பில் நடுக்கம், படபடப்பு, வலிப்புகூட வரலாம். டாக்டரைப் பாருங்கள்; அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். டாக்டர் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை மாத்திரை அளவை 5 முதல் 10 விழுக்காடு குறைக்கச் சொல்லலாம். குறைத்த சில இரவுகள் தூக்கம் இன்னும் கெடும். உடம்பு பழகும் நேரம் அது, பயந்துபோய் கூடப் போட்டுக்கொள்ளாதீர்கள். தாங்க முடியவில்லையா, டாக்டரிடமே திரும்பிப் போங்கள். பீர், சம்சு (மலிவுச் சாராயம்) இதோடு சேரவே கூடாது; மூச்சே அடங்கிவிடும்.

அப்புறம் படுக்கை. எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். கண் சொக்கினால் மட்டும் படுங்கள். ஏறக்குறைய 20 நிமிடம் புரண்டதாகத் தோன்றினால், எழுந்து கூடத்துக்கு வந்துவிடுங்கள். நான் மங்கலான விளக்கில் துணி மடிப்பேன். கடிகாரமும் கைப்பேசியும் கண்ணில் பட வேண்டாம். தே தாரேக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) மதியத்தோடு சரி.

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதென்று வீட்டில் சொன்னால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரை அதை மோசமாக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு நீட்டும் மாத்திரையும் வேண்டாம்.