ஷோவுக்கு முன்னாடியே நாம சொதப்புற இடங்கள்

கச்சேரி டிக்கெட்ல 7.30ன்னு போட்டிருந்தா டாண்ணு பாட்டு வந்துடும்னு நெனச்சு 7.15க்கு கெசாஸ் ஹைவே ஜாம்ல ஹார்ன் அடிச்சிட்டு உக்காந்திருக்கறது ஒரு தப்புன்னா, பயந்துபோயி 2 மணிக்கே புக்கிட் ஜாலில் அரங்கத்துல லைன் போடறது அதவிட பெரிய தப்பு. நான் ரெண்டாவது ரகம்லா. சீட் நம்பர் இருக்கு, எவனும் தூக்கிட்டு போகமாட்டான், இருந்தாலும் போயி நின்னேன். நாலரைக்கு வந்துச்சு பாருங்க மழை, கோலாலம்பூர்ல சாயங்கால மழைய பத்தி சொல்லவா வேணும், குடை காடியிலயே கெடக்குது, புதுச்சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. அத நெஞ்சுல வச்சுக்குங்க, கடைசில வருது.

லேட் ஆனா உடனே விசில் அடிச்சு கத்தாதீங்க. பாதி ஜனம் இன்னும் கேட்ல பேக் தொறந்து காட்டிட்டு நிக்கும். மத்தியானம் சவுண்ட் செக் பண்ணப்ப ஹால் காலி, இப்ப ஆள் ரொம்பிடுச்சு, மனுச ஒடம்பும் துணியும் சத்தத்த உறிஞ்சிடும், அதனால சவுண்ட் மிக்சர்கிட்ட இருக்கறவங்க மறுபடி நாப கொஞ்சம் திருப்பித்தான் ஆகணும். தொண்டைய இப்பவே கிழிச்சிக்கிட்டா மூனாவது பாட்டுல காத்துதான் வரும்.

போனு. டிக்கெட் கியூஆர் அதுக்குள்ளதான் இருக்கு, ஆனா லைன்ல நின்னுக்கிட்டே லைவ் போட்டு 9 பர்சண்ட்ல கேட்டுக்கு வர்றாங்க.

அப்புறம், அதே டூர்ல சிங்கப்பூர்ல என்னென்ன பாடுனாங்கன்னு வரிசையா பாத்துட்டு வர்ற ஆளுங்க. என்னைக் கேட்டா இதுக்கு ஃபைன் போடணும். என் பக்கத்து சீட்டு தம்பி, "அண்ணே, ரெண்டாவது அந்த குத்துப்பாட்டு, மூனாவது மெலடி"ன்னு ஒப்பிச்சிட்டே இருந்தான். நாம காசு குடுத்து காத்திருக்கறதே லைட் அணைஞ்சு என்ன வரப்போகுதுன்னு தெரியாத அந்த அஞ்சு செகண்டுக்குதானே டா!

எல்ஆர்டி ரயில்ல வந்தவங்க டச் அன் கோ கார்டுல திரும்பி போறதுக்கும் சேத்து காசு போட்டுக்குங்க, முடிஞ்சப்புறம் அந்த நீல டோக்கனுக்கு மிஷின்ல நிக்கிற லைன் இருக்கே, சாமி.

தண்ணியும் அளவா குடிங்க. நான் உள்ள போறதுக்கு முன்னாடி மாமாக் கடைல தே தாரேக் டீ ரெண்டு கிளாஸ், ஈரச்சட்டையோட ஏர்கோன்ல ஒரு மணி நேரம், அடக்க முடியல. இன்னும் ஆரம்பிக்கலயேன்னு எந்திரிச்சு ஓடுனேன். டாய்லெட்ல கை கழுவிட்டு நிமிர்றேன், செவுத்துக்கு அந்தப்பக்கம் மொத்த ஜனமும் "ஓ"ன்னு கத்துது.