ஒரு லிட்டரிலிருந்து ஒரு கன மீட்டர் வரை: அட்டைப்பெட்டி வைத்தே கற்றுக்கொள்ளலாம்

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் நகர வீடுகளில் தண்ணீர் பில்லில் கிலோலிட்டர் என்று இருக்கும், வாசல் மீட்டரைத் திறந்தால் கன மீட்டர் என்று இருக்கும், பின்கட்டில் நிற்கும் ஜோஜோ என்கிற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் 2500 லிட்டர் என்று எழுதியிருக்கும், அடுப்படிக் கோப்பையில் 250 மி.லி. எல்லாம் ஒரே தண்ணீர்தான். போன மாதம் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு அத்தை ஒருவர் பில்லை நீட்டி, "பதினெட்டுன்னு போட்டிருக்கே, பதினெட்டு என்னதுப்பா?" என்று கேட்டார். அவருக்குச் செய்து காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெட்டி செய்யுங்கள். அட்டையை வெட்டி, உள்ளளவு 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் வருகிற மாதிரி ஒட்டி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிட்டு, கோடு போட்ட ஜாடியில் 1 லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றுங்கள். அட்டை பக்கவாட்டில் உப்பும், இரண்டு கையாலும் அணைத்துப் பிடியுங்கள். தண்ணீர் விளிம்புக்கு வந்து நிற்கும். நீங்கள் பிடித்திருப்பதுதான் ஒரு லிட்டர், எடை கிட்டத்தட்ட 1 கிலோ.

அடுத்து, அதே பெட்டிக்குள் 1 செ.மீ. பக்கமுள்ள குட்டிக் கட்டிகளை அடுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசைக்கு 10, ஓர் அடுக்குக்கு 100, பத்து அடுக்குக்கு 1000. லிட்டரில் இருப்பதும் 1000 மில்லிலிட்டர். ஆக ஒரு கட்டி, அதாவது 1 கன சென்டிமீட்டர், சரியாக 1 மி.லி. ஊசி மருந்தை 'இரண்டு சிசி' என்பார்களே, அது 2 மி.லி. தான். டீஸ்பூன் 5, மேசைக்கரண்டி 15. இடையில் சென்டிலிட்டர் (10 மி.லி.), டெசிலிட்டர் (100 மி.லி.) உண்டு, நம் வீட்டுக் கணக்குக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

இப்போது மேலே போவோம், பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர், அதனால் ஒரு கன மீட்டருக்கும் 100 கன சென்டிமீட்டர் என்று போட்டுவிடுகிறார்கள். தப்பு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும்: 100 × 100 × 100, பத்து லட்சம். நம் அட்டைப்பெட்டிகளை ஒரு கன மீட்டருக்குள் அடுக்கினால் தரையில் 100 உட்காரும், மேலே மேலே 10 அடுக்கு, மொத்தம் 1000 பெட்டி. 1000 லிட்டர் என்றால் 1 கிலோலிட்டர். பில்லும் மீட்டரும் சொல்வது ஒன்றேதான். எடையோ ஒரு டன்! 2500 லிட்டர் தொட்டி நிரம்பினால் இரண்டரை டன், அதனால் அடித்தளம் உறுதியாக இல்லாமல் தொட்டி வைக்காதீர்கள்.

சரி, மீட்டரைப் பாருங்கள். கறுப்பு எண்கள் கிலோலிட்டர், சிவப்பு அதற்குக் கீழே உள்ள லிட்டர்கள். அத்தை வீட்டில் போன மாதம் 412, இந்த மாதம் 430. வித்தியாசம் 18 கிலோலிட்டர், அதாவது 18,000 லிட்டர். 30 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 600, நாலு பேருக்கு ஆளுக்கு 150. (2018 வறட்சியில் கேப் டவுனில் ஆளுக்கு 50 லிட்டர்தான் அனுமதி.) இராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு சிவப்பு எண்ணைக் குறித்துவையுங்கள், யாரும் தண்ணீர் எடுக்காமலே காலையில் அது நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

அப்புறம் மழை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை, ஆகவே இந்தக் கணக்கு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்பேன். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். ஏனென்றால் 10,000 சதுர செ.மீ. பரப்பை 0.1 செ.மீ. உயரத்தால் பெருக்கினால் 1000 கன செ.மீ. வருகிறது. கூரை 60 சதுர மீட்டர், மழை 20 மி.மீ. என்றால் 1200 லிட்டர், சிந்தியது போக தொட்டியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும்.

இனி நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம், 350 பேர் வருவார்கள், ஆளுக்கு ஒரு 250 மி.லி. கோப்பை. லிட்டருக்கு நாலு கோப்பை, 350-ஐ நாலால் வகுத்தால் 87.5 லிட்டர். 50 லிட்டர் பானை இரண்டு ஏற்றுங்கள்.