ஜனவரியில் டெல்லியே வாதம்தான்: பிரகிருதி பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியில் ஆயுர்வேத அடிப்படை படிக்கத் தொடங்கும் நம் ஆட்கள் பாடத்தைச் சரியாகவே மனப்பாடம் செய்கிறார்கள். ஆகாயமும் காற்றும் சேர்ந்தால் வாதம், நெருப்பும் கொஞ்சம் நீரும் பித்தம், நீரும் மண்ணும் கபம். இந்த மூன்றும்தான் தோஷங்கள். தடுமாற்றம் ஓர் ஆளின் பிரகிருதியை, அதாவது பிறவி உடல்வாகைப் பார்க்கும்போதுதான் வருகிறது.

பிறவி உடம்பையும் இன்றைய கோளாறையும் ஒன்றாக எண்ணுவது

குளிர்காலம் வந்தாலே இந்தத் தவறு திரும்பவும் கண்ணில் படும். ஆத்திரமும் கூடவே வரும். கருவிலேயே அமைந்து ஆயுளுக்கும் பெரிதாக மாறாதது பிரகிருதி. உணவு, பருவம், நோய், கவலை இவற்றால் இன்று குலைந்திருப்பது விகிருதி. பிரகிருதி கண்டுபிடிக்கத் தரும் கேள்வித்தாளை நிரப்புகிறவர் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எழுதுகிறார்.

மயூர் விஹாரில் நாற்பது தாண்டிய ஓர் அம்மாள் பொங்கல் சமயத்தில் நிரப்பினார். தோல் வறட்சி, உதட்டு வெடிப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாவற்றுக்கும் "ஆம்". வாத உடம்பு என்று முடிவு கட்டி, வேளைக்கு இரண்டு ஸ்பூன் நெய், தினமும் உளுந்தங்களி, அதற்கு மேல் பகல் தூக்கம். பங்குனியில் நெஞ்சு நிறையச் சளி, எடையும் ஏறிவிட்டது. சிறு வயதிலிருந்தே அகன்ற எலும்பு, அடர்ந்த முடி, மந்தமான பசி. கபம் ஓங்கிய உடம்பு அது. வறட்சி டெல்லிக் காற்றும் ராத்திரி முழுக்க ஓடிய ஹீட்டரும் தந்தது. குளிரில் சேரும் கபம் வெயில் ஏறும்போது உருகிக் கிளம்பும் என்று பருவ விதியே சொல்கிறது. அந்த நேரத்துக்கு நெய்யையும் உளுந்தையும் ஏற்றி வைத்திருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. வறட்சி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, சோர்வு நான்கும் சேர்ந்தால் தைராய்டு குறைவும் அப்படித்தான் காட்டும். முதலில் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை, பிறகு தோஷக் கணக்கு. அவருக்குக் குறைவு இருந்தது. இரண்டு மாதம் வீணானது.

சரியாகப் பார்க்க ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் 20 வயதில், உடம்பு நன்றாக இருந்தபோது: எலும்பின் அகலம், மூட்டு, முடி, பசி வரும் வேகம், எடை ஏறிய விதம். அம்மாவையோ அக்காவையோ கேட்டு எழுதலாம். வலப்பக்கம் கடந்த 3 மாதம். இரண்டும் எங்கே விலகுகிறதோ அங்கேதான் சிகிச்சைக்கு வேலை. இடப்பக்கத்தை யாரும் "சரிசெய்ய" வேண்டியதில்லை.

பேச்சுவழக்கை அப்படியே எடுப்பது

நம் வீட்டில் வாயு என்றால் வயிற்று உப்புசம், பித்தம் என்றால் தலைசுற்றல், கபம் என்றால் சளி. ஆயுர்வேதத்தில் வாதம் என்பது அசைவு முழுவதும்: மூச்சு, இமைப்பு, மலம் இறங்குவது. பித்தம் செரிப்பதும் மாற்றுவதும். கபம் பிணைத்து நிறுத்துவது. ஐம்பூதங்களும் இங்கே குணங்கள்தான். "நெருப்பு உடம்பு" என்று ஐஸ் தண்ணீர் குடித்தால் பித்தம் தணியாது, செரிமானம்தான் மந்தமாகும்.

ஒரே தோஷத்தில் அடைப்பது

தனியாகவும் கலந்தும் பிரகிருதி வகை 7. பெரும்பாலோர் இரண்டு தோஷம் கலந்தவர்கள்.

சித்த மருத்துவக் கணக்கைக் கலப்பது

ஆயுர்வேதத்தில் குழந்தைப் பருவம் கபம், முதுமை வாதம். சித்தத்தில் தொடக்கம் வாதம், கடைசி கபம். ஊரிலிருந்து வந்த சித்த வைத்தியக் குறிப்பை இந்தத் தாளில் சேர்த்தால் வயதுக் கணக்கு தலைகீழாகும்.

பஸ்பம்

உலோகத்தையும் தாதுவையும் சுட்டு எடுக்கும் மருந்துப் பொடி இது. வகை தெரிந்துவிட்டது என்று கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். பதிவு பெற்ற வைத்தியர் எழுதித் தராமல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.