“வேலை பழகுகிறான்” என்று விட்டுவிடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பையனைக் கராஜிலோ நகைப்பட்டறையிலோ அச்சகத்திலோ சேர்த்துவிட்டால், வீட்டார் “வேலை செய்கிறான்” என்று சொல்வதில்லை. “வேலை பழகுகிறான்” என்பார்கள். அடக்கமான சொல்தான். ஆனால் சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும் (ஈ.பி.எப்.) நியமனக் கடிதமும் அந்த ஒரு சொல்லுக்குள் காணாமல் போய்விடுகின்றன.

பழகுகிறவருக்குச் சட்டம் பொருந்தாது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பயிலுனருக்கென்று ஒரு வழி உண்டு. 1971 ஆம் ஆண்டின் சட்டத்தோடு தொடங்கிய அதை, நைட்டா என்று நாம் அழைக்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை இப்போது நடத்துகிறது. அங்கே எழுத்தில் ஒப்பந்தம் உண்டு. பயிற்சிக் காலமும் குறிக்கப்பட்டிருக்கும். “நாளைக்கு வா, பார்ப்போம்” என்று வாய்ச்சொல்லில் சேர்த்துக்கொள்வது அந்த வழி அல்ல. காலையில் கதவு திறந்து, நாள் முழுக்க ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, மாலையில் வாடிக்கையாளரின் மோட்டார் சைக்கிளைக் கழுவித் துடைத்து விடுகிறவரைப் பயிலுனர் என்று அழைத்தால் மட்டும் போதாது. அவர் தொழிலாளி.

தொழிலாளி என்றால் ஒரு தொகைக்குக் கீழே போக முடியாது. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2016 இல் மாதம் 10,000 ரூபாயாக இருந்தது. 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகியது. நாட்சம்பளம் 1,200 ரூபாய். “அதெல்லாம் கொழும்புக் கணக்கு” என்று சொல்லும் முதலாளிமார் இங்கே குறைவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே தொகைதான். இதற்கு மேல், 1941 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டப்படி அமைந்த சம்பளச் சபைகள் அச்சு, வெதுப்பகம், உணவகம் என்று தொழிலுக்குத் தொழில் தனித்தனியாக வீதம் வகுத்து வர்த்தமானியில் வெளியிடுகின்றன. உங்கள் தொழிலுக்குச் சபை உண்டா என்று பாராமல் தேசியத் தொகையோடு நின்றுவிடுவதும் தவறே. பதினாறு வயது நிரம்பாதவரை வேலைக்கு வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், சட்டம் அனுமதிக்காது.

சேமலாப நிதியில் நடக்கும் கூத்து தனி. “ஆறு மாதம் போகட்டும், பிறகு பதியலாம்” என்பார்கள். முதல் நாளிலிருந்தே பதிய வேண்டும், பழகுபவரையும் சேர்த்து. 30,000 ரூபாய்ச் சம்பளத்தில் தொழிலாளியிடம் கழிப்பது 8 வீதம், அதாவது 2,400. முதலாளி தன் கையிலிருந்து போடுவது 12 வீதம், 3,600. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈ.ரி.எப்.) இன்னுமொரு 3 வீதம், 900, அதுவும் முதலாளியுடையதே. சம்பளச் சிட்டையில் இந்த மூன்றையும் தொழிலாளியின் தலையில் கழித்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். சிட்டை இருந்தபடியால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஆகவே சிட்டையை வாங்குங்கள், வைத்திருங்கள்.

எதற்கெடுத்தாலும் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, ஓடுவது நம் வழக்கம். இதற்கு அது இடமல்ல. சம்பளமும் சேமலாப நிதியும் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தின் பொறுப்பு. பயிலுனர் ஒப்பந்தம் என்றால் நைட்டா.

கடதாசி இல்லாமலே தொழில் கற்றவருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. முன்கற்றலை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதற்கு அனுபவத்தைக் காட்ட வேண்டும். எங்கள் அயலில் ஒரு இளைஞர் கட்டாருக்குப் போக இந்தச் சான்றிதழைத் தேடினார். மூன்று வருடம் எஞ்சின் கழற்றிப் பூட்டியவர். முதலாளியும் முகம் சுளிக்காமல் சேவைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வாசித்துப் பார்த்தால், வேலையில் சேர்ந்த திகதி ஒன்றரை வருடம் பிந்தியிருந்தது. கேட்டதற்கு, “அதுக்கு முந்தி நீ பழகிக்கொண்டெல்லோ இருந்தனீ” என்றாராம்.